ஆகாரை விலை பேசியவன்

குடை விற்கிறவன் வீட்டுக் கூரைதான் முதலில் ஒழுகும். ஆம்ஸ்டர்டாமில் எமானுவேல் பெல்மோந்தேயின் சாப்பாட்டறையில் அதைக் கண்ணால் பார்த்தேன். 1938ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். மூன்று நாள் அடித்த மழை சுவரோரமாக இறங்கி, அங்கே தொங்கிய பழைய ஆகார் ஓவியத்தின் இடது கீழ்மூலையை நனைத்திருந்தது.

"ஊருக்கே குடை விக்கிறேன் கூய்மன். என் வீட்டு ஆகாருக்கு ஒரு குடை பிடிக்க முடியல பாருங்க" என்றார் பெல்மோந்தே.

படத்தைத் துணியில் சுற்றி என் ஓவியக் கடைக்கு எடுத்துப்போனேன். சுத்தம் செய்து, இரண்டு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். கூலி வாங்கவில்லை. பழகிய வீட்டில் கூலி என்ன.

திருமதி வீனெமா, நீங்கள் அருங்காட்சியகத்தின் சார்பில் கேட்டது இந்தப் படத்தைப் பற்றித்தான். யார் வரைந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கடைசியில் உங்கள் சுவருக்கு எப்படி வந்தது. போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஒரே ஒரு பிஸ்கட்டோடு என் பேச்சையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள். அன்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது கொஞ்சம் உண்டு. எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. விட்டதை இப்போது எழுதி அனுப்புகிறேன்.

கேள்வி சின்னதுதான். ஆபிரகாம் தன் வேலைக்காரி ஆகாரையும் அவள் பெற்ற பிள்ளையையும் வீட்டை விட்டு அனுப்புகிற அந்தப் படத்தை லைடன் நகரத்து ஆசான் வெர்லோ தன் கையால் வரைந்தாரா, இல்லை அவர் பட்டறையில் வண்ணம் அரைத்த மாணவன் ஒருவன் வரைந்தானா. அமைதியான காலத்தில் இந்தக் கேள்வியை வைத்துப் பேராசிரியர்கள் நாலு பேர் சண்டை போடுவார்கள். 1943இல் அந்தக் கேள்வியில் நாலு உயிர் இருந்தது.

நான் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் அப்பா பர்மரெண்ட் சந்தையில் மாட்டு வியாபாரி. அங்கே பேரம் கையால் நடக்கும். ஒருவன் விலை சொல்லி எதிராளியின் உள்ளங்கையில் ஓங்கி அடிப்பான், எதிராளி வேறு விலை சொல்லித் திருப்பி அடிப்பான். அடித்த கையை இழுக்காமல் யார் பிடித்துக்கொள்கிறானோ அங்கே வியாபாரம் முடிந்தது. பத்திரம், சாட்சி ஒன்றும் கிடையாது. கை பிடித்த பிறகு மாற்றிப் பேசினவனுக்கு அடுத்த வாரம் சந்தையில் தண்ணீர்கூடக் கிடைக்காது. நல்ல பசுவைக் கண்டால் அப்பா முகம் இழவு வீட்டுக்கு வந்தவர்போல ஆகிவிடும். பல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், காலைப் பார்த்துத் தலையாட்டுவார். "வாங்க வந்தவன் கண்ணு சிரிச்சா பாதிக் காசு அங்கயே போச்சுடா லாம்பெர்ட்" என்பார். நான் மாட்டை விட்டு ஓவியத்துக்கு வந்தேன். நாக்கு அதே நாக்குதான்.

1936இல் பெல்மோந்தேயின் சாப்பாட்டறையில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது என் முகமும் இழவு வீட்டுக்குப் போனது. பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகாரின் தோளைத் தொடாமல் தொட்டபடி நிற்கிற அந்தக் கிழவனின் கையை மாணவன் எவனும் வரைய முடியாது. ஆகவே நான், "நல்ல மாணவன். நல்ல மாணவன்தான், பாவம்" என்றேன்.

அன்றிலிருந்து வருடா வருடம் புத்தாண்டு கழிந்த முதல் ஞாயிறு அந்த வீட்டுக்குப் போவேன். பெல்மோந்தேயின் மனைவி கிராசியா காப்பியும் இஞ்சிப்பாகில் ஊறின சுருள் ரொட்டியும் வைப்பாள். நான் படத்தைக் குறை சொல்வேன். வானம் தட்டை, கழுதைக்குக் கழுத்து நீளம், பிள்ளையின் முகம் வெந்த உருளைக்கிழங்கு. பிறகு ஒரு விலை சொல்லிக் கையை நீட்டுவேன். பெல்மோந்தே சிரித்துக்கொண்டே அடித்து, பத்து மடங்கு விலை சொல்வார். நான் கையை இழுத்துக்கொள்வேன். அவர் மகள் சாரினாவும் சின்னவன் பெஞ்சமினும் மேசைக்கு அந்தப் பக்கம் இதே ஆட்டத்தை ஆடிக் காட்டுவார்கள்.

கிராசியா மட்டும் ஒரு தடவை காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு பொண்ண வருஷா வருஷம் வந்து அழகில்ல அழகில்லன்னு சொல்லிட்டுப் போறவன், கட்டிக்கத்தான் வர்றான்."

"நம்ம கூய்மனுக்குக் கண்ணு நேர்மை, நாக்குதான் கஞ்சம்" என்றார் பெல்மோந்தே.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். பெல்மோந்தே யூதர், அவர் கடைக்கு அவர்கள் வைத்த நிர்வாகி ஒருவன் வந்து உட்கார்ந்தான். கோட்டில் மஞ்சள் நட்சத்திரம் வந்தது. யூதர்கள் வீட்டில் இருக்கும் விலையுள்ள பொருளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று 1942இல் உத்தரவு வந்த வாரம், பெல்மோந்தே ஒரு தள்ளுவண்டி நிறைய உடைந்த குடைக்கம்பிகளை அள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கம்பிகளுக்கு அடியில் ஆகார் இருந்தாள்.

"உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருந்த மாதிரி" என்றார். அந்தக் காலத்தில் பாதி நகரம் மறுபாதி நகரத்தின் வெள்ளிக்கரண்டிகளைப் பரணில் வைத்திருந்தது. நானும் வைத்துக்கொண்டேன்.

1943 மார்ச்சில் டாக்டர் ரோய்டர் என்கிற ஜெர்மானியர் ஹேக் நகரத்திலிருந்து என் கடைக்கு வந்தார். பெர்லினில் பெரிய இடத்துக்குப் படம் வாங்குகிறவர். மரியாதையான ஆள், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். வெர்லோ ஒன்று வேண்டும் என்றார். உண்மையான வெர்லோவாக இருந்தால், அதைக் கொடுக்கிற குடும்பத்தின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ரயிலில் ஸ்விட்சர்லாந்துக்குப் போகலாம் என்றார். "படம் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கமாட்டேன். யார் வரைஞ்சதுன்னு மட்டும் கேப்பேன்" என்றார்.

பெல்மோந்தேக்குச் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பியதும் நான்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு டிராமில் ஏற அனுமதி கிடையாது. ஒரு மணி நேரம் நடந்து வந்தார். டாக்டர் வருவதற்குமுன் அவரைக் கடையின் பின்னறையில் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தேன். உட்காருமுன் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருஷமா நீங்க அதத் திட்டித் திட்டி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு கூய்மன். மாணவனாவே இருக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆசான்னு சொல்லிடுங்க. பொய்னாலும் பரவால்ல. எனக்காக இல்ல, அந்த ரெண்டு புள்ளைங்களுக்காக."

"பார்க்கலாம்" என்றேன்.

டாக்டர் ரோய்டர் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்தது முகத்தில் தெரிந்தது. வாங்கத் தெரியாத மனிதர்.

"கையெழுத்து எங்க?" என்றார்.

"இல்லீங்க."

"கையெழுத்து இல்லன்னா பெர்லின்ல நிபுணர் வார்த்தை கேப்பாங்க. வெர்லோ விஷயத்துல இந்த நாட்டுல உங்க வார்த்தைதான் செல்லும். சொல்லுங்க கூய்மன்."

இந்த இடத்தில் ஒன்று விட்டுப்போயிற்று, சொல்லிவிடுகிறேன். 1938இல் மழையில் நனைந்த அந்த மூலையில் பழைய வார்னிஷ் மெருகு வெளுத்துப் போயிருந்தது. பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைத்தபோது ஆபிரகாம் வீட்டு வாசற்படியில் எழுத்துகள் தெரிந்தன. வெர்லோவின் முழுப் பெயரும் ஆண்டும். அன்று கடைக்கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழுப்பு கலந்த மெருகை இரண்டு பூச்சு அதன்மேல் பூசி, அடுப்புக் கரியை லேசாக ஒற்றி, இருநூறு வருட அழுக்குபோல ஆக்கினேன். அடுத்த புத்தாண்டுப் பேரத்துக்காகச் செய்தேன். அதில் கொலையெண்ணம் எதுவும் கிடையாது. மாட்டின் நல்ல பல்லைப் புல்லால் மறைக்கிற வேலைதான்.

ஆக, டாக்டர் ரோய்டர் கேட்டபோது என் மேசையில் சாராயக் குப்பியும் பஞ்சும் இருந்தன. வாசற்படியை எட்டு தடவை துடைத்தால் போதும். நான் வாய்கூடத் திறந்திருக்க வேண்டியதில்லை.

"மாணவன். நல்ல மாணவன்தான், பாவம்" என்றேன்.

திரைக்குப் பின்னால் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு, என் நேரத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பழக்கதோஷம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டும் என்கிற பொருள் எதிரில் இருந்தால் இகழ்வதைத் தவிர எங்கள் வீட்டு நாக்குக்கு வேறு தெரியாது. அது உண்மைதான். ஆனால் நாக்கு தவறினால் கையால் திருத்தலாம். டாக்டர் இன்னும் நான்கு நாள் ஆம்ஸ்டர்டாமில்தான் இருந்தார், தங்கின விடுதியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். என் கடையிலிருந்து பத்து நிமிட நடை. நாலு நாளும் நல்ல வெயில்.

பெல்மோந்தே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களால பொய் சொல்ல முடியல, இல்ல?" என்றார். "நான் கேட்டது தப்பு. ஒரு நேர்மையான ஆளுகிட்ட அதக் கேட்டிருக்கக்கூடாது."

நான் சாராயக் குப்பியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"எங்கயாவது ஒளியணும்னா கையில காசு வேணும் கூய்மன். மாணவன் விலையே குடுங்க."

விலை சொன்னேன். 1936இல் நான் முதன்முதலாகச் சொன்ன விலையைவிடக் குறைவு. கையை நீட்டினேன், பழக்கத்தில். அவர் சிரிக்கவில்லை, வேறு விலையும் சொல்லவில்லை. என் உள்ளங்கையில் தன் கையை வைத்தார். அடிக்கக்கூட இல்லை, வெறுமனே வைத்தார். பிடித்துக்கொண்டது நான்தான்.

பணத்தை அன்றே எண்ணிக் கொடுத்து ரசீது எழுதி வாங்கினேன். சந்தையில் ரசீது கேட்பதில்லை என்று சொன்னேன் அல்லவா. அன்று கேட்டேன்.

ஒளிய இடம் கிடைக்குமுன் ஜூன் இருபதாம் தேதி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. தெருக்களை இருபுறமும் அடைத்து, யூதர்களைப் பிடித்து முகாமுக்குப் போகிற ரயிலில் ஏற்றினார்கள். மறுநாள் அந்த வழியாகப் போனபோது சாப்பாட்டறை ஜன்னல் திறந்து கிடந்தது. கிராசியா ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போகிறவள் இல்லை.

போர் முடிந்ததும் டாக்டர் ரோய்டரின் பட்டியலைப் பற்றி விசாரித்தேன். அது வெறும் ஏமாற்று என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான். பட்டியலில் பதினொரு பேர். பதினொரு பேரும் எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் பாசல் நகரில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடிதம் போட்டேன், அன்பாகப் பதில் எழுதினார். ரயிலில் ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்ததாம்.

1945 ஆகஸ்டில் சாரினா என் கடைக்கு வந்தாள். பதினேழு வயது. தலைமுடி அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. அவள் மட்டும்தான் வந்தாள். மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. காப்பி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா உங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாரு மாமா. அங்க, முகாம்லகூட. எல்லாரும் பொய் சொன்ன காலத்துல ஒரே ஒரு ஆளு உண்மையச் சொன்னான், அதுவும் சொன்னா நமக்கு ஆபத்துன்னு தெரிஞ்சே சொன்னான், அப்படிப்பட்ட ஆளு ஒருத்தன் இருக்கான்னா உலகம் இன்னும் கெட்டுப்போகலன்னு பெஞ்சமினுக்குச் சொல்லுவாரு."

"அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள் சாரினா.

படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பின்னறைக்கு அழைத்துப்போனேன். உருளைக்கிழங்கு முகப் பிள்ளையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மெருகு பூசின வாசற்படியில் ஒரு விரலை வைத்து, "இங்கதான் மழை ஒழுகுச்சு" என்றாள்.

போர்க்காலத்தில் யூதர்களிடமிருந்து வாங்கிய பொருள்களுக்கெல்லாம் அப்போது கேள்வி வந்துகொண்டிருந்தது. விற்றவர் மனமொப்பி விற்றார் என்று வாரிசின் எழுத்து இருந்தால் வாங்கியவனுக்கு நல்லது. எழுதித் தருகிறாயா என்று கேட்டேன். "இதுக்கென்ன மாமா, நீங்க வாங்கினதுதானே" என்று அங்கேயே, என் மேசையிலேயே, என் பேனாவால் எழுதினாள். உங்கள் கோப்பில் இருக்கும் அந்தக் கடிதம் அதுதான். எழுத்து நடுங்கியிருப்பதைப் பார்த்து வற்புறுத்தல் இருந்ததா என்று போன வாரம் கேட்டீர்கள். இல்லை. அப்போது அவளுக்குக் கையில் சதையே இல்லை, அதனால் நடுங்கியது.

ஐந்து வருடம் பொறுத்தேன். அவசரப்பட்டவன் வியாபாரம் கெடும். 1950இல் ஒரு பேராசிரியரையும் பத்திரிகைக்காரர் ஒருவரையும் அழைத்து, அவர்கள் கண்ணெதிரே சாராயப் பஞ்சால் வாசற்படியைத் துடைத்தேன். எட்டு தடவை. எழுத்து வந்தபோது பேராசிரியர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அது நடிப்பு என்று நினைத்துத்தான் அழ ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்த முடியவில்லை. பெர்லினுக்குப் போக இருந்த தேசத்தின் செல்வத்தை ஒரு வியாபாரியின் தயக்கம் காப்பாற்றியது என்று பத்திரிகை எழுதியது. நானும் சில காலம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் கைகொடுத்தார்கள். 1958இல் உங்கள் அருங்காட்சியகம் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டது.

சாரினா அதற்குள் மாண்ட்ரியாலுக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொண்டிருந்தாள். செய்தி பார்த்துக் கடிதம் எழுதினாள். வாழ்த்துத்தான். "நீங்க நேர்மையான ஆளுன்னு அப்பா சொன்னதுதான் சரி, பாத்தீங்களா! அன்னிக்கு அந்த அழுக்கு மட்டும் இல்லாம இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்க மேல தப்பில்ல மாமா, மனசுல வச்சுக்காதீங்க" என்று எழுதியிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்து ஒன்பது தாள் கிழித்தேன். பத்தாவது தாளில் நன்றி என்று எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அட்டை அனுப்புவாள். 1981இல் அட்டை வரவில்லை. அவள் கணவர் எழுதித் தெரிவித்தார். என்னைத் திட்டக்கூடிய கடைசி ஆளும் திட்டாமல் போய்விட்டாள்.

நீங்கள் நேற்று அனுப்பிய அறிக்கையின் வரைவு கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். படம் சாரினாவின் பிள்ளைகளுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பது உங்கள் முடிவு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ரசீதைக் கிழித்துவிடுங்கள், அவளுடைய கடிதத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். அவள் அறியாமல் எழுதிக் கொடுத்தது. இந்தக் கடிதத்தை என் வாக்குமூலமாகக் கோப்பில் சேருங்கள். அந்த நான்கு பேரை ரயிலில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். தெரிந்தே செய்தேன். படம் எனக்கு வேண்டியிருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்று பேர் திரும்பவில்லை. இதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று பாதிரியார் சொன்னார். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரைவின் பதினான்காம் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும். "1943இல் கூய்மன் இப்படத்தை மாணவர் ஒருவருடையது என நேர்மையாகவே தவறாகக் கணித்தார்" என்று கருணையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். என்னைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அறுபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். ஆசான் கைக்கும் மாணவன் கைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்ற பெயரோடு சாக எனக்கு விருப்பமில்லை.